கணக்கு கோச்சிங்கில் என்னைக் 'கேட்டுப் படிப்பவர்' என்று பிரித்தார்கள்: நாலு மாத அனுபவம்

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்குக் கணக்கை மட்டும் தனியாகச் சொல்லித்தரும் ஒரு வார இறுதி வகுப்பில் நாலு மாதம் படித்தேன். திருச்சியில் இருக்கிறது. கட்டணம் 6,500 ரூபாய். அது போக, சேரும்போதே 'கற்றல் பாணி, சிந்தனை விருப்பம்' என்று ஒரு சோதனை வைக்கிறார்கள், அதற்குத் தனியாக 750 ரூபாய். மையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே மாதிரி சோதனையை வேறு ஊர்களிலும் வேறு பெயர்களில் வைக்கிறார்கள் என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அந்த முறை எப்படி இருந்தது, எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதுதான் சேர நினைப்பவர்களுக்குத் தேவை.

என் நிலைமை தெரிந்தால்தான் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். துறையூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா ரெண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். ப்ளஸ் டூவில் வரலாறு எடுத்தேன். பத்தாம் வகுப்புக்கு அப்புறம் கணக்குப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. பிறகு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு ரெண்டு வருடம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான். ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் ஐந்து வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும். தகுதித் தேர்விலும் 150 கேள்வியில் 30 கணக்கு. மையத்தில் சேர்ந்த அன்று வைத்த மாதிரித் தேர்வில் அந்த முப்பதில் நான் எடுத்தது 9.

சரி, சோதனைக்கு வருகிறேன்.

மொத்தம் 48 கேள்விகள். முதல் பாதி கற்றல் பாணி. 'புது ஊரில் வழி தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? வரைபடம் பார்ப்பேன், யாரையாவது கேட்பேன், எழுதி வைத்த குறிப்பைப் படிப்பேன், நடந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன்.' இந்த மாதிரி. நான் 'யாரையாவது கேட்பேன்' என்று டிக் அடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்து பாருங்கள், கண்டக்டரைக் கேட்காமல் எங்கே இறங்குவது? இன்னொரு கேள்வி, புது சமையல் செய்வதாக இருந்தால் எப்படிக் கற்பீர்கள் என்று. அம்மாவைக் கேட்பேன் என்று போட்டேன். இப்படி ஏழெட்டு இடத்தில் 'கேட்பேன்' வந்துவிட்டது. இரண்டாம் பாதி சிந்தனை விருப்பம். தனியாக உட்கார்ந்து யோசிக்கப் பிடிக்குமா, நாலு பேரோடு பேசி முடிவெடுக்கப் பிடிக்குமா, ஒழுங்காகப் பட்டியல் போடுவீர்களா, புதிதாகக் கற்பனை செய்வீர்களா என்ற மாதிரி.

அந்த 48 கேள்வியிலும் ஒரு கணக்கு கூட இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

ஒரு வாரத்தில் நாலு பக்கத்துக்கு வண்ண ரிப்போர்ட் கொடுத்தார்கள். நான் 'கேட்டுக் கற்பவர்'. சிந்தனையில் 'உறவு சார்ந்த சிந்தனை' மிக அதிகம், 'பகுப்பாய்வுச் சிந்தனை' குறைவு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'கணிதத்தில் இயல்பான நாட்டம் குறைவாக இருக்கலாம், ஒலிவழிப் பாடங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.' அந்த வரியைப் பேருந்தில் மூன்று தடவை படித்தேன். பத்தாம் வகுப்பிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ அச்சடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நம் மேல் தப்பில்லை, நம் மூளை அப்படி, இனிமேல் நமக்கு ஏற்ற மாதிரி சொல்லித்தருவார்கள் என்ற நிம்மதி. இந்தச் சோதனை விற்பனையாவதே அந்த நிம்மதியால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் எங்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். காட்சிக் குழுவுக்கு வண்ண வரைபடங்கள். வாசிப்புக் குழுவுக்குக் குறிப்புப் புத்தகம். செயல் குழுவுக்கு மரக்கட்டைகள், மணிச்சட்டம், காகித மடிப்பு. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் 32 ஒலிப் பாடங்கள். ஞாயிறு முழுக்க இந்தக் குழு வகுப்புகள். சனிக்கிழமை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வகுப்பு.

ஒலிப் பாடங்கள் நன்றாகத்தான் இருந்தன. குரல் தெளிவு, உச்சரிப்பு அழகு, ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்குள். துறையூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னங்கள் பற்றிய ஆறு பாடத்தையும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டேன். 'பகுதிகள் சமமாக இல்லாதபோது மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, பகுதிகளைச் சமமாக்கி, தொகுதிகளைக் கூட்டுக.' கேட்கும்போது எல்லாம் புரிந்தது. கூடவே வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் மாதத் தேர்வில் பின்னத்தில் பத்துக் கேள்வி. எனக்கு 4.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்க் குறைந்தது பழகிப்போன விஷயம்தான். எட்டாவது வரும் என்று மனசார நம்பிக்கொண்டு போனேன், அதனால்தான் அழுகை.

பி.எட். படிக்கும் என் சித்தி மகளிடம் இதைச் சொன்னபோது அவள் தன் செமினாருக்காகத் தேடி வைத்திருந்த சில கட்டுரைகளை எடுத்துச் சொன்னாள். 2017-ல் வந்த ஓர் ஆய்வு நான் பட்டதை அப்படியே சொன்னது. படம் பார்த்துப் படிக்கப் பிடிக்கும் என்று சொன்னவர்கள் 'படங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று கணித்தார்கள். சோதித்துப் பார்த்தால் அந்த விருப்பத்துக்கும் உண்மையில் நினைவிருந்ததற்கும் தொடர்பில்லை. பிடித்த வழியில் படித்தால் நமக்குத் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நம்பிக்கைதான் கூடுகிறது.

காட்சி, கேட்டல், வாசிப்பு, செயல் என்ற இந்த நாலு பிரிவு நியூசிலாந்தில் நீல் ஃப்ளெமிங் என்பவர் கோலீன் மில்ஸுடன் சேர்ந்து 1992-ல் எழுதியதிலிருந்து பரவியது. நாலின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வார்க் (VARK) என்று சொல்வார்கள். மாணவர்கள் தங்கள் படிக்கும் வழக்கத்தைப் பற்றி யோசிக்க அது ஒரு தொடக்கமாக இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'உன் பாணிக்கு ஏற்ற மாதிரி சொல்லித்தந்தால் அதிக மதிப்பெண் வரும்' என்பது வேறு. 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் நாலு பேர், பேஷ்லர் தலைமையில், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடினார்கள். அவர்கள் கேட்ட ஆதாரம் எளிமையானது. இரண்டு வகை மாணவர்களையும் எடுத்து, குலுக்கிப் போட்டு இரண்டு முறையிலும் சொல்லித்தந்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். காட்சிக்காரர்களுக்குப் படமும் கேட்டுக் கற்பவர்களுக்குப் பேச்சும் அதிக மதிப்பெண் தந்தால் ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி ஒழுங்காகச் செய்த ஆய்வுகளே சொற்பம், அவற்றிலும் பல எதிராகவே இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் மையத்தில் அந்தத் தேர்வை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆனாலும் மாதத் தேர்வு முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது நாலு குழுவும் விடையை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே கணக்கில்தான் எல்லோரும் விழுந்திருந்தோம். எந்தக் குழுவும் தப்பிக்கவில்லை.

அந்தக் கணக்கு இது: ஒன்றே முக்காலை அரையால் வகு.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைப் பொது வகுப்பை எடுப்பவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எல்லோரும் பெரிய டீச்சர் என்று கூப்பிடுவோம். தேர்வுக்கு அடுத்த சனிக்கிழமை அவர் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, "விடை வேண்டாம், இதுக்கு ஒரு கதை சொல்லுங்கம்மா. எந்த வீட்டில், எந்தக் கடையில் இந்தக் கணக்கு வரும்?" என்று கேட்டார். நாங்கள் 26 பேர். தலைகீழாக்கிப் பெருக்கி மூன்றரை என்று விடை போடுவது அதற்குள் பலருக்கும் வந்துவிட்டது. கதை யாருக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு அண்ணன் எழுந்து, "ஒன்றே முக்கால் கிலோ அரிசி இருக்கு டீச்சர், அதை ரெண்டு பேருக்குச் சமமா பங்கு போடணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

"சரிப்பா. ஆளுக்கு எவ்வளவு வரும்?"

"மூன்றரை கிலோ."

"கொண்டு வந்ததே ஒன்றே முக்கால் கிலோதானே? ஆளுக்கு மூன்றரை கிலோ எங்கிருந்து வந்தது?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. ரெண்டு பேருக்குப் பங்கு போட்டால் அது இரண்டால் வகுப்பது. ஆளுக்கு முக்காலே அரைக்கால் கிலோ. நாங்கள் 'அரையால் வகு' என்பதைப் 'பாதியாக்கு' என்று எடுத்துக்கொண்டிருந்தோம். நம் பேச்சில் 'பாதியா பிரி', 'அரையா பிரி' என்று புழங்குவதால் இந்தக் குழப்பம் தமிழில் இன்னும் எளிதாக வருகிறது என்று பெரிய டீச்சர் சொன்னார்.

அப்புறம் அவரே, "யார் வீட்டில் மாடு இருக்கு?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். "உங்கப்பாகிட்ட ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கு. அரை லிட்டர் செம்பால அளந்து ஊத்துறார். எத்தனை செம்பு?" எனக்குக் கண் முன்னால் வந்துவிட்டது. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, மூணு செம்பு, ஒன்றரை லிட்டர் ஆச்சு. மிச்சம் கால் லிட்டர். "மூணே கால் செம்பு டீச்சர்" என்றேன். "மிச்சம் இருக்கிற பால் கால் லிட்டர். அது செம்பில் எவ்வளவு?" அரைச் செம்பு. அப்போதுதான் மூன்றரையில் இருக்கும் அந்த அரை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. அரை லிட்டர் என்று நினைத்தாலும் தப்பு, கால் என்று சொன்னாலும் தப்பு. எதை ஒன்று என்று வைத்து அளக்கிறோமோ அதன் அரை. மூன்று வருடம் தலைகீழாக்கிப் பெருக்கியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் அதையே காகிதப் பட்டையில் மடிக்கச் சொன்னார், எண்கோட்டில் வரையச் சொன்னார், பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் விளக்கச் சொன்னார், கடைசியில் எழுதச் சொன்னார். ஒரே கணக்குக்கு நாலு வழியும் எல்லோருக்கும். காட்சிக் குழு, செயல் குழு என்று அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் கேட்டபோது, "பின்னத்தை வரையாம புரிஞ்சுக்க முடியாதும்மா, அது யாரா இருந்தாலும். வாய்ப்பாட்டை வாயால சொல்லாம வராது, அதுவும் யாரா இருந்தாலும். பாடம் என்ன கேக்குதோ அதைக் குடுக்கணும்" என்றார். நாலு மாதத்தில் நான் கேட்ட மிக முக்கியமான வார்த்தை அது.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. லிபிங் மா என்ற ஆய்வாளர் இதே ஒன்றே முக்கால் வகுத்தல் அரையை அமெரிக்காவில் 23, சீனாவில் 72 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தார். அவருடைய ஆய்வு 1999-ல் நூலாக வந்தது. சீன ஆசிரியர்கள் எல்லோரும் விடையைச் சரியாகப் போட்டார்கள், பெரும்பாலோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் விடையைச் சரியாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு, கருத்தளவில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் எங்கள் வகுப்பு அண்ணன் மாதிரியே இரண்டால் வகுக்கும் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கக் கணக்கை எவ்வளவு ஆழமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அந்த ஆசிரியர்கள் வேறுபட்டார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். ஆழம் என்றால் தோண்டலாம். மூளை அப்படி என்றால் என்ன செய்ய முடியும்?

சிந்தனை வேறுபாடே பொய் என்று நான் சொல்லவில்லை. ரஷ்யாவில் க்ருதெத்ஸ்கி என்ற உளவியலாளர் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பல வருடம் கவனித்தார். சிலர் சொல்லாலும் தர்க்கத்தாலும் போகிறார்கள், சிலர் படம் போட்டுப் பார்க்கிறார்கள், சிலர் ரெண்டையும் கலக்கிறார்கள் என்று கண்டார். மூன்று வகையிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், அதுதான் முக்கியம். விட்கின் என்பவரின் சோதனை இன்னொன்று. சிக்கலான ஒரு படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் நன்றாகச் செய்பவர்கள் கணக்கிலும் நன்றாகச் செய்யும் போக்கு பல ஆய்வுகளில் தெரிகிறது. இதை 'சிந்தனைப் பாணி' என்றுதான் பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள். ஆனால் அதில் நேரக் கணக்கு உண்டு, சரி தவறு உண்டு. அப்படியானால் அது திறனைச் சோதிப்பது. எங்கள் ரிப்போர்ட் எங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, எங்களால் எது முடியும் என்று எழுதிவிட்டது. அந்த 750 ரூபாயில் எனக்கு இருக்கும் கோபம் அதுதான்.

தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் ஹோவர்டு கார்ட்னரின் பன்முக நுண்ணறிவு வரும், 1983. அதையும் கற்றல் பாணியையும் எங்கள் மையக் குறிப்பில் ஒன்றாகக் கலந்து அச்சடித்திருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று கார்ட்னரே 2013-ல் எழுதியிருக்கிறார். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மையத்தில் உண்மையிலேயே காசுக்குத் தகுந்தது பெரிய டீச்சரின் 'கலவைத் தாள்'. ஒவ்வொரு சனிக்கிழமையும் 20 கணக்கு. பின்னம் ஒன்று, அடுத்தது சுற்றளவு, அடுத்தது கடிகாரம், அடுத்தது இடமதிப்பு, திரும்பப் பின்னம். எந்தத் தலைப்பும் இருக்காது. முதல் தாளில் எனக்கு 20-க்கு 7. எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழுப் பயிற்சித் தாளில் எனக்கு எப்போதும் 16, 17 வரும். பிறகுதான் புரிந்தது, ஞாயிறு தாளில் மேலேயே 'பரப்பளவு' என்று தலைப்பு இருக்கும். இருபது கணக்குக்கும் ஒரே சூத்திரம். கை வேலை செய்யும், தலை வேலை செய்யாது. கலவைத் தாளில் இது என்ன வகைக் கணக்கு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தேர்விலும் அதுதானே கேட்கிறார்கள்? 30 கேள்விக்கும் யாரும் தலைப்பு போட்டுத் தரப்போவதில்லை.

2007-ல் ரோரர், டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கனஉருவங்களின் கனஅளவு. ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்களுக்கு 89 சதவீதம், கலந்து செய்தவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் பிரித்துச் செய்தவர்களுக்கு 20, கலந்து செய்தவர்களுக்கு 63. இந்த நாலு எண்ணையும் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கலவைத் தாளில் மார்க் குறையும்போதெல்லாம் பார்த்துக்கொள்வேன்.

பெரிய டீச்சரின் இன்னொரு பழக்கம், தவறு நோட்டு. தப்பான கணக்கைத் திருத்தி எழுதினால் போதாது, 'நான் என்ன நினைத்து இப்படிப் போட்டேன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். என் நோட்டைப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'எது ஒன்று என்று பார்க்கவில்லை.' பின்னம், சதவீதம், அலகு மாற்றம், மூன்றிலும் எனக்கு இதே ஓட்டை. 48 கேள்விச் சோதனை சொல்லாததை 40 ரூபாய் நோட்டு சொன்னது. கேட்டுப் படித்தாலும் பார்த்துப் படித்தாலும் அந்த ஓட்டை அடைபடாது, அதற்கென்று உட்கார்ந்து வேலை செய்தால்தான் அடைபடும்.

இது என் ஒருத்தியின் மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கற்பித்தல் பயிற்சிக்கு நான் போன பள்ளியில் நாலாம் வகுப்பு. மூன்றில் ஒன்று பெரியதா, நாலில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் நாலில் ஒன்று என்றார்கள். ஒரு பெண் மட்டும், "நாலுதானே டீச்சர் பெருசு, அப்புறம் ஏன் சின்னதுன்னு போட்டிருக்கு?" என்று புத்தகத்தைக் காட்டிக் கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "விதி அப்படிம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. 'உனக்குக் கணக்கில் நாட்டம் குறைவு, நீ காட்சி வகை இல்லை' என்று நம்பிக்கொண்டு நான் வேலைக்குப் போனால் அந்தப் பிள்ளைக்குப் பட்டை வெட்டிக் காட்டவே மாட்டேன். பாடிக் காட்டுவேன், கதை சொல்வேன், அது எனக்குப் பிடிக்கும். அவளுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே நீளமுள்ள ரெண்டு காகிதப் பட்டை.

சிகாகோவில் பைலாக் என்ற உளவியலாளர் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கும் 17 ஆசிரியைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியைக்குக் கணக்குப் பயம் அதிகமாக இருந்த வகுப்புகளில், வருடக் கடைசியில் 'பையன்கள்தான் கணக்கில் கெட்டி' என்று நம்பும் பெண் பிள்ளைகள் அதிகமாக இருந்தார்கள், அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. வருடத் தொடக்கத்தில் அப்படி இல்லை. பயிற்சியில் இருக்கும் ஓர் ஆசிரியையிடம் 'உனக்கு நாட்டம் குறைவு' என்று அச்சடித்துக் கொடுப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா?

பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2022 முதல் நம் அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. ஆனால் அது பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்பதை வைத்துப் பிரிப்பது. அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்குப் போகலாம். எங்கள் மையத்தில் கேட்டல் குழுவிலிருந்து எங்கும் போக வழியில்லை. ரெண்டாம் மாதம் செயல் குழு வகுப்பில் உட்காரட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். உங்கள் ரிப்போர்ட் அதற்கு ஒத்துவராது என்றார்கள். மரக்கட்டைகள் பக்கத்து அறையில்தான் இருந்தன. ஐந்தாவது தடவை கேட்ட பிறகு, பெரிய டீச்சர் தலையிட்டு, ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் விட்டார்கள். பத்துக் கட்டைகளைக் கட்டி ஒரு பத்து, பத்துப் பத்தைக் கட்டி ஒரு நூறு. கடன் வாங்கிக் கழித்தலில் 'கடன்' என்றால் என்ன நடக்கிறது என்று 22 வயதில் கையால் பார்த்தேன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடம் காற்றோட்டமானது. பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றுதான், இடைவேளையில் வரிசை நிற்கும். அச்சடித்த குறிப்புகளில் எழுத்துப் பிழை உண்டு, விடைப் பட்டியலில் நான் பார்த்தவரை மூன்று விடை தவறு, சொன்னதும் திருத்தினார்கள். வகுப்பு ஒரு நாளும் ரத்தாகவில்லை. சந்தேகம் கேட்டு அனுப்பினால் அன்றைக்கே பதில் வரும். கட்டணத்தை ரெண்டு தவணையாகக் கட்டலாம்.

கடைசி மாதிரித் தேர்வில் எனக்கு 30-க்கு 22. எல்லாப் பெருமையும் சனிக்கிழமை வகுப்புக்கே என்று நான் சாதிக்க முடியாது, நாலு மாதம் தினமும் ரெண்டு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்ததும் அதில் இருக்கிறது. ஆனால் ஒலிப் பாடத்தால் வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். இப்போதும் அவற்றைக் கேட்கிறேன், பேருந்தில், நேற்று போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ள. அதற்கு நன்றாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் என் தோழி ஒருத்தி அதே சோதனையை இன்னொரு தடவை எழுதிப் பார்த்தாள். முதல் தடவை வாசிப்பு வகை, இந்தத் தடவை செயல் வகை. இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆகிச் சமையல் செய்யத் தொடங்கியிருந்தாள், கேள்விகளில் பாதி சமையலும் வழி கண்டுபிடிப்பதும்தான்.

சேரலாமா என்றால், சனிக்கிழமை வகுப்புக்காகச் சேரலாம். சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டாயம் என்று சொல்வார்கள், ஆனால் எங்களுக்கு அடுத்த குழுவில் ரெண்டு பேர் அது இல்லாமலே சேர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் தனியாக வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள், 3,500 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். பெரிய டீச்சர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதல் நாளே கட்டம் போட்ட நோட்டு ஒன்று, கத்தரிக்கோல், கொஞ்சம் பழைய காலண்டர் தாள் கொண்டு போங்கள். பட்டை வெட்டுவதற்கு காலண்டர் தாள்தான் நன்றாக இருக்கிறது, ஏ4 தாள் மடித்தால் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது.